ராசா மென்ற அரிசி

நெல்லிமலை நாட்டை உத்தண்டராசா ஆண்டது ரொம்ப ரொம்பப் பழைய காலத்திலே. கோபம் வந்தால் அவர் விசாரிக்க மாட்டார். தணிந்தாலும் விசாரிக்க மாட்டார். சில வருடங்களாக யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை, யாரையும் பக்கத்தில் விடுவதுமில்லை. அவ்வளவு பெரிய அரண்மனையில், பாவம், தனியாள்.

திருட்டு வழக்குக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. புகார் சொன்னவரும் புகாருக்கு ஆளானவரும் சபையில் ஒரு பிடி பச்சரிசியை மென்று இலையில் துப்ப வேண்டும். திருடனுக்குப் பயத்தில் வாய் வறண்டுவிடுமாம். அரிசி நனையாவிட்டால் நாடு கடத்தல்தான்.

ஒருநாள் ராசாவின் முத்திரை மோதிரம் காணாமல் போயிற்று. "மந்திரி அம்பலவாணர் எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்" என்றார் படைத்தலைவரான தளவாய் சிங்கப்பன். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாய் ஒரு கண்.

தளவாய் மென்றார், அரிசி கூழாயிற்று. மந்திரி மென்றார், அரிசி போட்டபடியே உதிர்ந்தது. மனைவி போனபின் பேச ஆளில்லாத வீட்டில் புகையிலையே துணையென்று கிடந்த மனுஷர் அவர். வாய் வறண்டு வருடக்கணக்காகிறது. இந்த வயதில் ஊரைவிட்டுப் போனால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட நாதியில்லை.

"கிளம்பும் ஓய்!" என்றார் தளவாய்.

"கிளம்புகிறேன். மகாராசா, அதற்குமுன் தாங்களும் ஒரு பிடி மெல்ல வேண்டும்."

"என்னையே சோதிக்கிறீரா?"

"திருடாதவர் வாய் எப்படியிருக்கும் என்று சபை பார்க்கட்டுமே!"

ராசாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மென்று துப்பினார். இலையில் விழுந்தது காய்ந்த அரிசி!

"அப்படியானால் என் மோதிரத்தை நானே திருடினேனா?"

"இல்லை மகாராசா. தாங்கள் நாலு வார்த்தைக்கு ஒருமுறை தண்ணீர் குடிப்பதைக் கவனித்திருக்கிறேன். தங்களுக்கும் என் வியாதிதான், புகையிலையால் வந்த வாய்வறட்சி. இப்போது தளவாயின் இலையை முகர்ந்து பாருங்கள்."

ராசா முகர்ந்தார். புளி வாசம்.

"புளியை அடக்கினால் எச்சில் ஊறும். மடியில் கனமில்லாதவருக்குப் புளி எதற்கு?"

காவலர் உதறியதில் தளவாயின் கன்னத்திலிருந்து புளி உருண்டையும் மடியிலிருந்து மோதிரமும் விழுந்தன. பட்டம் பறிபோய், அன்றே அவர் லாயத்தில் சாணி அள்ளப் போனார்.

சபை கலைந்தபின் ராசா மெல்லக் கேட்டார். "எனக்கும் புளிதான் மருந்தா?"

"வேண்டாம், பல் கூசும். இப்போதுபோலவே அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். சாப்பிட்டதும் கொப்பளியுங்கள். காலையிலும் படுக்குமுன்னும் பல் துலக்குங்கள். புகையிலையை மட்டும் நாம் இருவருமே விடவேண்டும்."

"வாய் நாறுகிறதென்று வெட்கப்பட்டுத்தான் எல்லாரையும் விலக்கினேன். இனி என்னோடு சாப்பிட வாரும்" என்றார் ராசா. சட்டென்று அவர் முகம் மாறியது. "இப்படி வாய் வறண்டவர்கள் எத்தனை பேரைத் துரத்தியிருப்பேன்?"



வழக்கம் அன்றோடு நின்றது. துரத்தியவர்களைத் தேடி நாலு திசைக்கும் ஆள் போனது. கிடைத்தது ஒரே ஒருத்தி, முன்பு அரண்மனையில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்.

"என்னை மன்னித்துவிடு தாயே. என்ன வேண்டுமோ கேள்" என்றார் ராசா.

"ஒண்ணும் வேணாம் சாமி. பன்னெண்டு வருசமா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்ல. ஒருதடவை கூப்பிடுங்க, போதும்."

ராசா வாயைத் திறந்தார். அவள் பெயர் அவருக்குத் தெரியவில்லை.