கரடி வெட்டிய குழிகள்

மலையடிவாரக் காடு ஒன்றில் சடையன் என்ற கரடி வாழ்ந்தது. அந்தக் கோடையில் காட்டுக் குளம் வற்றிச் சேறாகிவிட்டது. நாக்கை நனைத்துக்கொள்ளக்கூட மான்களும் முயல்களும் முட்டிமோத வேண்டியிருந்தது.

அப்போது, பாதை போட வந்தவர்கள் விட்டுப்போன மண்வெட்டி ஒன்று சடையனுக்குக் கிடைத்தது. காம்பைப் பிடித்து ஒரு போடு போட்டது. மண் பொலபொலவென்று பெயர்ந்து வந்தது! கரடிக்குத் தலைகால் புரியவில்லை.

"இனி யாரும் கவலைப்படாதீங்க! நாளைக்கே தண்ணியைக் காட்டுறேன்!"

அன்றிலிருந்து கண்ட இடமெல்லாம் வெட்டியது. காடெங்கும் குழிகள். ஒன்றிலும் ஈரம்கூட இல்லை. சடையனோ இன்னும் வேகமாக வெட்டியது.

அதன் தோழி முள்ளி என்ற முள்ளம்பன்றி மெல்லக் கேட்டது: "அண்ணே, ஏன் இந்த இடத்துல வெட்டுறீங்க?"

"மண்ணு மெத்துனு இருக்கு. சீக்கிரம் வெட்டிடலாம்!"

"வெட்டிடலாம், சரி. தண்ணி இருக்குமா?"

"நீ யோசிக்கிற நேரத்துல நான் இன்னொரு குழி வெட்டிடுவேன். நகரு!"

மறுநாள் ஒரு மான்குட்டி அந்தக் குழிகளில் ஒன்றில் விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டது. சடையன்தான் ஓடிப்போய்த் தூக்கிவிட்டது. தாய்மான் ஒரு வார்த்தை திட்டவில்லை. குட்டியின் காலை நக்கிக்கொடுத்தபடி நின்றது. கரடிக்கு அதுதான் தாங்கவில்லை. குழிகளையெல்லாம் மூடிவிட்டு, மண்வெட்டியைப் புதருக்குள் வீசியது.

"எல்லாம் இந்தப் பாழாப்போன சாமானால வந்தது!"

முள்ளி அதைப் பல்லால் கடித்து இழுத்து வந்தது. "அது என்ன செய்யும், அண்ணே? நீங்க காட்டுன இடத்தை வெட்டுச்சு. அந்த நாவல் மரம் மட்டும் பச்சையா நிக்குது பாருங்க. அதுக்குக் கீழே நிச்சயம் தண்ணி இருக்கும்!"

சடையன் வெட்டியது. 'டங்'கென்று பாறை இடித்தது! கை விண்ணென்று தெறித்தது. கரடி முறைத்தது.

முள்ளிக்கு வெட்கமாகிவிட்டது. "தப்பு என்மேலதான். நிச்சயம்னு நானே நினைச்சுக்கிட்டேன். முதல்ல சோதிச்சுப் பார்த்திருக்கணும்."

"எப்படிச் சோதிப்பே?"

"தேக்கிலையை அங்கங்கே தரையில விரிச்சு, ஓரத்துல கல்லு வைப்போம். மண்ணுக்குள்ள ஈரம் இருந்தா இலையோட அடிப்பக்கம் வேர்க்கும்!"

இருவரும் இலைகளை விரித்தார்கள். விடிந்ததும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். காய்ந்த இலை, மறுபடி காய்ந்த இலை. கடைசியில் கறையான் புற்றருகே இருந்த இலையின் அடியில் துளித்துளியாக நீர் நின்றது!

"கல்லு மாதிரி இறுகின மண்ணு, அண்ணே. நான் நகத்தால கீறினா மழைக்காலமே வந்துடும்!" என்றது முள்ளி.

"அதுக்குத்தானே நான் இருக்கேன்!"

சடையன் மூச்சிரைக்க வெட்டியது. உச்சிவேளையில் ஈரமணல் வந்தது. இன்னும் கொஞ்சம் வெட்டியதும் நீர் குபுகுபுவென்று ஊறியது! கரடி ஒதுங்கி நின்று, மான்குட்டியை முதலில் குடிக்கவிட்டது.

"முள்ளி, அடுத்து எங்கே இலை போடலாம்?" என்று ஆவலாகக் கேட்டது.

"இருங்க அண்ணே, முதல்ல நாம தண்ணி குடிக்கலாம்!" என்று சிரித்தது முள்ளி.

நல்ல கருவியும், கேள்வி கேட்டுச் சோதித்துப் பார்க்கும் புத்தியும் சேரும்போதுதான் உழைப்புக்குப் பலன் கிடைக்கும்.