உடும்பின் நீண்ட வால்

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு வாத்து. ஆண்டுதோறும் மலை தாண்டி வந்து போகிற வாத்து. பல ஆண்டுகளாக நான் இதை நம்பவில்லை. மறக்கவும் முடியவில்லை. அது சொன்னபடியே சொல்கிறேன்.

ஒரு காட்டில் வற்றாத குளம் இருந்தது. கரையில் பெரிய பாறை ஒன்று. மழைக்காலம் முடிந்ததும் அங்குள்ள விலங்குகள் தங்கள் உருவங்களைக் களிமண்ணால் அந்தப் பாறையில் வரைந்து வைக்கும். கோடையில், பாறையில் உருவம் இருப்பவருக்குத்தான் தண்ணீர். காவலுக்கு ஓர் உடும்பு.

அந்த ஆண்டு மலைக்கு அப்பால் இருந்த தேசத்தில் ஒரு காடு எரிந்தது. தப்பியவர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். ஒரு முள்ளம்பன்றிக் குட்டி தன் தாயோடு இந்தக் குளத்துக்கு வந்து சேர்ந்தது.

"எங்களையும் பாறையில் வரையலாமா, மாமா?" என்று கேட்டது குட்டி.

"இங்கே பிறந்தவர்களுக்குத்தான் பாறை," என்றது உடும்பு. "பனிக்காலம் முடியும்வரை இலையில் படியும் பனியை நக்கிக்கொள்ளுங்கள். கோடை வந்ததும் வேறு இடம் பாருங்கள்."

தாயின் பாதங்கள் தீயில் வெந்திருந்தன. இன்னொரு காடுவரை நடக்க அதனால் முடியாது.

அந்தக் குளத்துக் கீரிக்குட்டி இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. வரைகிற வேலையைப் பெரியவர்கள் அந்த முறை குட்டிகளின் தலையில் கட்டியிருந்தார்கள்.

"உனக்கு வரையத் தெரியுமா?" என்று கேட்டது கீரி.

"முள்ளால் கோடு கீறுவேன். என் கூட்டாளிகள் இன்னும் நன்றாகச் செய்வார்கள். ஒருவன் பனிமலைப் பக்கம் போய்விட்டான். ஒருத்தி கடலோரச் சதுப்பில் இருக்கிறாளாம்."

கீரி, குளத்தில் நீந்திக்கொண்டிருந்த வாத்தைத் திரும்பிப் பார்த்து, அவர்களிடம் போய் மண் வாங்கி வரும்படி கெஞ்சியது.

"நான் என்ன உங்கள் வீட்டு வேலைக்காரியா?" என்றது வாத்து. ஆனாலும் பறந்தது.

பனிமலையிலிருந்து வெள்ளை மண் வந்தது. சதுப்பிலிருந்து சிவப்பு மண் வந்தது. ஒவ்வோர் உருண்டையிலும் அகதிக் குட்டிகளும் அந்தந்த ஊர்க் குட்டிகளும் சேர்ந்து கால் பதித்திருந்தார்கள். வெள்ளை உருண்டைகள் முயலுக்குக் கண்ணாயின. சிவப்பு உருண்டைகள் மானுக்குப் புள்ளியாயின. கோடுகளை முள்ளம்பன்றி கீறியது. ஓர் ஓரத்தில் அதையும் அதன் தாயையும் மற்றக் குட்டிகள் வரைந்தன.

நடுவில் ஒருநாள் உடும்பு எட்டிப் பார்த்தது.

"என் வாலை நீளமாகப் போடு. பார்க்கிறவன் நடுங்க வேண்டும்."

"போட்டுவிடலாம், மாமா," என்றது கீரி.

கோடை வந்தது. பாறையின் முன்னால் எல்லோரும் கூடினார்கள். உடும்பு தன் வாலைப் பார்த்துப் பூரித்துப்போனது. பிறகுதான் ஓரத்தில் இருந்த முள்ளம்பன்றிகள் அதன் கண்ணில் பட்டன.

"வெளியாரை யார் இங்கே சேர்த்தது? அவர்கள் கை பட்டதையெல்லாம் அழி!"

"சரி," என்று கீரி ஈர இலையை எடுத்தது. "உங்கள் வாலில் ஆரம்பிக்கிறேன்."

"அதை ஏன் தொடுகிறாய்?"

"வால் முழுக்க வெளியூர் மண், மாமா. செதில் எல்லாம் முள்ளம்பன்றி கீறியது."

"சரி, வால் போகட்டும். முதுகு இருந்தால் போதும்."

"முதுகும் அப்படித்தான். கண்ணும் அப்படித்தான். எல்லாம் போனால் நீங்கள் பாறையில் இருக்க மாட்டீர்கள். அப்புறம் கோடைக்கு எங்கே போவீர்கள்?"

முயல் சிரித்துவிட்டது. மான் குறுக்கே வந்து நின்றது. "என் புள்ளிமேல் யாரும் கை வைக்கக் கூடாது." ஒவ்வொருவராக முன்னே வந்து பாறையை மறைத்து நின்றார்கள்.

உடும்பு பாறையைப் பார்த்தது. தண்ணீரைப் பார்த்தது. பிறகு வழிவிட்டு ஒதுங்கியது.

முள்ளம்பன்றித் தாய் நொண்டி நொண்டி இறங்கி, முதல் ஆளாக வாய் வைத்துக் குடித்தது. காடே ஆரவாரம் செய்தது. அந்தச் செய்தியைச் சொல்ல வாத்து பனிமலைக்கும் சதுப்புக்கும் பறந்தது. இம்முறை யாரும் அதைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

போன பனிக்காலத்தில் வாத்து வந்தபோதுதான் கேட்டேன்: "சேர்ந்து வரைந்த படத்தில் அடுத்தவரை அழிக்கப் போகிறவர் தன்னையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டும் என்பது புரிந்ததாலா உடும்பு வழிவிட்டது, இல்லை, தாகத்துக்குப் பயந்தா?"