ஏறாத வளையல்

ரொம்பக் காலத்துக்கு முன்னே மல்லைநாட்டைச் செங்கோடன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் பிடித்தால் குரங்குப்பிடி. அவன் பாட்டன் காலத்துக் கட்டளை ஒன்று அங்கே இருந்தது. அரசி கர்ப்பமாயிருக்கும்போது அவள் உடம்புக்குக் குறை என்று எவரும் வாய் திறக்கக் கூடாது, சொன்னால் பலித்துவிடுமாம். கேட்டால் "நலம்" என்றுதான் சொல்ல வேண்டும். மீறினால் நாடுகடத்தல். அரண்மனை எவ்வழி, குடிசையும் அவ்வழி. ஊரில் எந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் வாய்விட்டு முனகுவதில்லை.

மந்திரி நல்லாதனாரின் ஒரே மகள் சேந்தியும் அப்படித்தான் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், முகம் வீங்கித் தலைவலியோடு நடமாடியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் போனாள், பிள்ளையும் போயிற்று. ஆறு வருஷம் ஆகியும், அவள் குரலை இன்னொரு தரம் கேட்கமாட்டோமா என்று ஏங்கியே மனுஷர் பாதியாகிப் போனார்.

இப்போது அரசிக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு தாதி மந்திரியிடம் ஓடிவந்து அழுதாள். வழக்கமான அளவு வளையல் அரசியின் கையில் ஏறவே இல்லையாம். தலை பிளக்கிறதாம், கண்முன்னே மின்மினி பறக்கிறதாம். மந்திரி உடனே மருத்துவச்சி வெள்ளைச்சியிடம் போய்க் கேட்டார்.

"இன்னிக்கே நான் பாக்கணும் சாமி. நாளைக்குன்னா என் கையில இல்ல" என்றாள் அவள்.

வெளியாள் அந்தப்புரம் நுழைய ராஜாவின் உத்தரவு வேண்டும். உத்தரவு கேட்டால் ஏன் என்பான். காரணம் சொன்னால், மந்திரி பதவிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்த இடும்பராயர் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார். அரசியின் நலத்தைத் தினமும் சபையில் அறிவிப்பவர் அவர்தான். நல்லாதனார் சற்று யோசித்தார். பிறகு வளையல்காரன் பாலையனிடம் விஷயத்தைச் சொல்லி, அவனையும் அழைத்துக்கொண்டு சபைக்குப் போனார்.

"மந்திரியார் முகம் வாடியிருக்கிறதே. அரசியைப் பற்றி ஏதும் சொல்ல வேண்டுமோ?" என்று தூண்டில் போட்டார் ராயர்.

மந்திரி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தப் பாலையன் வளைகாப்புக்குச் சின்ன வளையலாகக் கொடுத்து அரண்மனையை ஏமாற்றிவிட்டான், மகாராஜாதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றார். தீர்ப்புச் சொல்வதென்றால் செங்கோடனுக்குச் சர்க்கரைப் பொங்கல். அரசி போன மாதம் போட்டிருந்த வளையலையும் புது வளையலையும் வரவழைத்தான். ஒன்றின்மேல் ஒன்று வைத்தான். இம்மி பிசகாமல் பொருந்தியது. புரட்டி வைத்தும் பார்த்தான்.

"வளையல் அதே அளவுதான். அப்படியானால் அவள் கை அல்லவா வீங்கியிருக்கிறது?" என்றான்.



"அதைச் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது, மகாராஜா. தாங்களே சொல்லிவிட்டீர்கள். தண்டனையை இடும்பராயர் சொல்லட்டும்" என்றார் மந்திரி.

 "தினமும் நலம் என்று அறிவித்தவர் நீர்தானே?" என்று ராஜா ராயரை உற்றுப் பார்த்தான். தாதி முதலில் என்னிடம்தான் வந்தாள், வாயை மூடு என்று விரட்டிவிட்டேன் என்று அவர் மெல்ல ஒப்புக்கொண்டார்.

"மருத்துவச்சி வெள்ளைச்சியை இப்போதே கூட்டி வாரும். அவள் மருந்துப்பெட்டியை நீர்தான் சுமக்க வேண்டும், ராயரே" என்றான் ராஜா. கட்டளை ஓலையையும் அங்கேயே கிழித்தெறிந்தான்.

வெள்ளைச்சி இரண்டு மாதம் அரசியின் கட்டிலைவிட்டு நகரவில்லை. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. என்ன வேண்டும் கேளும் என்று மந்திரியிடம் சொன்னான் ராஜா. நாட்டிலுள்ள பிள்ளைத்தாய்ச்சிகள் வாரம் ஒருநாள் சபைக்கு வந்து தங்கள் உபாதையைச் சொல்ல வேண்டும், வெள்ளைச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகாராஜா அதைக் கேட்க வேண்டும் என்றார் நல்லாதனார்.

முதலில் வந்தவள் ஒரு சலவைக்காரி. கால் குடைச்சல், நெஞ்செரிச்சல், முதுகு வலி, மாமியார் தொல்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ராஜாவுக்குக் கொட்டாவி வந்தது. சொல்லி முடித்து அவள் எழுந்தபோது, கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த மந்திரி கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"இன்னும் ஏதாவது இருக்கும். உட்காரம்மா, சொல்லு."