வேட்டி பறித்த காற்று

முன்னொரு காலத்தில் கணவாய்க்கோட்டை என்ற நாட்டை வெற்றிப்பெருமாள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஒருநாள் கோட்டை வாசலில் நின்று குடிமக்களுக்குக் காட்சி கொடுத்தபோது, எங்கிருந்தோ ஒரு காற்று வந்து அவர் வேட்டியைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. மேலே கிரீடம், கீழே கோவணம். ஊரே பார்த்தது.

மறுநாள் சபையில், வேட்டி கட்டிவிட்ட பிச்சாண்டியைக் கட்டி இழுத்துவந்து நிறுத்தினார்கள். அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர் மந்திரி அம்பலவாணர். அந்த மந்திரி பதவிமேல் தளவாய் வீரபாகுவுக்கு நெடுநாளாகக் கண்.

"பெருங்காற்று என்றால் இவன்மேல் குற்றமில்லை. சின்னக் காற்றுக்கே அவிழ்ந்ததென்றால் தலை போகும்" என்றார் ராஜா.

தளவாய் முந்திக்கொண்டார். கோட்டை வாசலில், சுவரை ஒட்டி, காற்றளக்க ஒரு பித்தளைத் தகடு தொங்கும். காற்று அடிக்க அடிக்க அது மேலே எழும்பும். "நேற்று நாழிகைதோறும் தகடு எழும்பியதை ஆள் போட்டுப் பார்த்தேன், மகாராஜா. எல்லாவற்றையும் கூட்டி, நாழிகைக்கு இவ்வளவென்று பங்கிட்டால் வெறும் விசிறிக் காற்று!"

அம்பலவாணருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. நான் நிஜமாகவே புத்திசாலியா, இல்லை, சுற்றியிருந்தவர்கள் மடையர்கள் என்பதால் இத்தனை வருஷம் பிழைத்தேனா? வாயைத் திறந்தார்.

"தளவாயாரே, உங்கள் கன்னத்தில் ஓர் அறை விடட்டுமா?"

"என்னய்யா திமிர்!"

"ஒரே அறைதான். அதை இன்றைய நாழிகைகளுக்கெல்லாம் பங்கிட்டுப் பாருங்கள். ஈ உட்கார்ந்த மாதிரிகூட இருக்காது."

ராஜா தொப்பை குலுங்கச் சிரித்தார். "சரி ஓய், என் வேட்டியைப் பறித்த அந்த ஓர் அறைக்கு எவ்வளவு பலம்? அதுதான் போய்விட்டதே!"

"தடம் விட்டுத்தான் போயிருக்கும்" என்று, இருக்கவேண்டுமே என வேண்டிக்கொண்டே, சபையை வாசலுக்கு அழைத்துப்போனார் மந்திரி. நேற்றைய காட்சிக்காகச் சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஆடிய தகடு அதில் கீறியிருந்தது. கீழே கசகசவென்று கீறல்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஆள் தலைக்கும் மேலே, ஒரே ஒரு கீறல்.

"விசிறிக் காற்றுதானே? விசிறியாலேயே தகட்டை அங்கே ஏற்றும், தளவாய்!" என்றார் ராஜா.

தளவாய் பனைவிசிறியை இரண்டு கையாலும் பிடித்து வீசினார். மீசை வியர்த்தது. தகடு அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

"விடாதீங்க சாமி, இன்னும் கொஞ்சம்!" என்று காவல்காரர்களே கத்தினார்கள்.

பிச்சாண்டிக்கு விடுதலை. கட்டை அவிழ்க்கையில் மந்திரி அவன் காதில் கேட்டார்: "முடிச்சு இறுக்கமாகத்தானே போட்டாய்?"

"முடிச்சா? மகாராஜா தொப்பையைச் சுற்றி வர்றதுக்குள்ளேயே வேட்டி தீர்ந்துபோச்சு சாமி. சும்மா செருகிவிட்டேன்."

அம்பலவாணர் அவசரமாக அவன் வாயைப் பொத்தினார்.

"மந்திரியாரே, என்ன பரிசு வேண்டும்? கேளும்!" என்றார் ராஜா.

"எனக்கெதற்கு, மகாராஜா? தங்களுக்கு இன்னும் இரண்டு முழம் நீளமாக வேட்டி நெய்யச் சொல்லுங்கள். நம் நாட்டில் காற்று கொஞ்சம் ஜாஸ்தி."