சந்தை இடம் மாறிய செவ்வாய்

கொங்கு நாட்டில் ஊஞ்சவலசு என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஒரு சந்தை இருந்தது. கருங்கல் தூண்களும் ஓட்டுக் கூரையுமாக நீளநீளமான கொட்டகைகள். செவ்வாய்க்கிழமை விடிந்தால் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு அங்கே வந்து இறங்கும். மிளகாய், வெங்காயம், ஆடு, கோழி, சேலை, மண்சட்டி என்று கொட்டகைகள் நிரம்பி வழியும். பொழுது சாய்ந்தால் காலி. மிச்ச நாளெல்லாம் சந்தை காலை நீட்டிப் படுத்துத் தூங்கும்.

அப்படித் தூங்கிக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை காலையில் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. சந்தை கண் விழித்துப் பார்த்தது. எதிரே ஒரு பள்ளிக்கூடம் நின்றுகொண்டிருந்தது.

பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ஒரு கரும்பலகை, ஒரு முக்காலி, கதர்ச் சட்டை போட்ட ஒரு தலைமையாசிரியர், அவருக்குப் பின்னால் கொஞ்சம் பிள்ளைகள். சுவரும் இல்லை, கூரையும் இல்லை.

"யாரப்பா நீ?" என்றது சந்தை.

"உயர்நிலைப் பள்ளிக்கூடமுங்க அக்கா. இன்னைக்குத்தான் பொறந்தேன்."

"உயர்நிலைன்னு பேரு வெச்சுக்கிட்டு வெறுந்தரையில நிக்கறயே!"

பள்ளிக்கூடத்துக்கு வெட்கமாகிவிட்டது. "பஞ்சாயத்துல உங்களைத்தான் கை காட்டுனாங்க. நீங்க தூங்கற நாள்ல இங்க உக்காந்துக்கலாம்னாங்க. செவ்வாக்கிழமை எந்திரிச்சுப் போயிடறேனுங்க."

அந்தப் பணிவு சந்தைக்குப் பிடித்துப்போயிற்று. "சரி, இருந்துக்கோ. ஆனா வெங்காயச் சருகும் ஆட்டுப் புழுக்கையும் கெடக்கும். கூட்டித் தள்ளிட்டுத்தான் உக்காரோணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து புதன்கிழமை என்றால் முதலில் புழுக்கை, பிறகு பூகோளம். தலைமையாசிரியர் தைரியநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் துடைப்பம் பிடிப்பார். அவர் தெற்குச் சீமைக்காரர். "ஏலே, அந்த மூலையைப் பாருலே" என்று அவர் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

முதல் கொட்டகையில் மிளகாய் விற்றவள் வேலாத்தாள். அவள் மகள் ருக்குமணி அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். செவ்வாய்க்கிழமைகளில் அம்மாவுக்கு ஒத்தாசையாகத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஆள் வராத நேரத்தில் அந்தத் தூணில் சுண்ணாம்புக்கட்டியால் எதையோ எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். சந்தைக்கு அது கிச்சுகிச்சு மூட்டுவதுபோல் இருக்கும்.

"என்னப்பா கிறுக்கறா உன் புள்ள?" என்று அடுத்த நாள் பள்ளிக்கூடத்திடம் கேட்டது.

"இயற்கணிதமுங்க அக்கா."

"வெலைக்குப் போகுமா அது?"

"இப்பப் போகாதுங்க."

சந்தை ஓடுகள் அதிரச் சிரித்தது. ஆனால் அதன் பிறகு, அந்தத் தூணில் மாட்டைக் கட்ட வந்த ஒருவனை முறைத்துத் துரத்தியது.

வருஷத்துக்கு ஒரு வகுப்பு கூடிக்கொண்டே வந்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் வந்தார்கள். இன்னும் ஒரே ஒரு வகுப்புதான் பாக்கி. எஸ்.எஸ்.எல்.சி. அதையும் திறந்துவிட்டால் முழு உயர்நிலைப் பள்ளி ஆகிவிடலாம் என்று பள்ளிக்கூடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது, ஒரு ஜீப்பிலிருந்து உத்தரவு இறங்கியது.

நெற்றியில் வட்ட முத்திரை. மடிப்புக் கலையாத உடம்பு. மூக்கால் பேசியது.

"மேற்படி இடத்தில் மாணவ மாணவியரும் ஆடு மாடுகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பது காணப்படுகிறது. இது பள்ளி நடத்தத் தகுந்த இடமல்ல. வருகிற ஜூன் மாதத்துக்குள் தனி இடம் இல்லையெனில், மேற்படி பள்ளி நகரத்துப் பள்ளியுடன் இணைக்கப்படும்."

தைரியநாதன் கை கூப்பினார். "ஐயா, அந்தப் பள்ளிக்கூடம் ஆத்துக்கு அந்தாண்ட இருக்கு. பஸ் கிடையாது. பையன்களாவது ஏழெட்டுப் பேர் போவாங்க. பொம்பளப் பிள்ளைகளை ஒருத்தரும் அனுப்ப மாட்டாங்க."

"அது பற்றி உத்தரவில் ஏதும் குறிப்பிடப்படவில்லை" என்று சொல்லிவிட்டு உத்தரவு ஜீப்பில் ஏறிக்கொண்டது.

தூங்குவதுபோல் படுத்திருந்த சந்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் தூணோரமாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது.

"அழுவறயா?"

"இல்லீங்க அக்கா. மூட்டை கட்டறேன்."

"உனக்கு ஏதப்பா மூட்டை?"

பள்ளிக்கூடம் தூணிலிருந்த சுண்ணாம்பு எழுத்தைத் தடவியது. "ருக்குமணிக்குக் கல்யாணம் பேசிட்டாங்க. பள்ளிக்கூடம் இல்லீன்னா ஆனியில முகூர்த்தம்னு அவ மாமன் சொல்லிட்டாராமுங்க" என்றது.

சந்தை எழுந்து உட்கார்ந்தது. எதிரே குட்டை மேடு வெறுமனே கிடந்தது. மரம் இல்லாத, நிழல் இல்லாத பொட்டல். அதையே வெகுநேரம் பார்த்தது.

"நான் அங்க போயிட்டா?"

"அக்கா! வெய்யிலு கொளுத்துமுங்க அங்க."

"எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தது சந்தை. உண்மையில் அதற்குப் பயமாக இருந்தது. இந்தத் தூண்களும் ஓடுகளும் போய்விட்டால் தன்னைச் சந்தை என்று யார் சொல்வார்கள்? பொட்டலில் போய் நின்றால் யார் வருவார்கள்? அதுவும் போக, சந்தைக்குத் தனியாகக் கால் ஏது? அங்கே வந்து உட்காரும் மனிதர்கள்தானே அதன் கால்கள்?

அடுத்த செவ்வாய்க்கிழமை, கூட்டம் சேர்ந்த நேரத்தில் தைரியநாதன் வேலாத்தாளின் கடை பக்கத்தில் நின்று விஷயத்தைச் சொன்னார். சந்தை குட்டை மேட்டுக்கு மாறினால் பள்ளிக்கூடம் பிழைக்கும் என்றார். கேட்கிறோமே என்று அவர் குரல் கூசியது.

சந்தைக் குத்தகை எடுத்திருந்த நல்லமுத்து பாய்ந்து வந்தார். "நான் குத்தகை எடுத்தது கொட்டாயிக்கு. பொட்டலுக்கு இல்ல. ஒருத்தரும் நகரப்படாது!"

துணிக் கடைக்காரர் நஞ்சப்பன் சேலைக் கட்டை அணைத்துப் பிடித்துக்கொண்டார். "வாத்தியாரே, தப்பா நெனைக்காதீங்க. அந்த வெய்யில்ல என் சேலை ஒரே நாள்ல சாயம் போயிரும். வெளுத்த சேலையை எந்தப் பொம்பள வாங்குவா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

வேலாத்தாள் எழுந்தாள். மிளகாய் குவித்திருந்த சாக்கின் ஒரு நுனியைப் பிடித்தாள். "கண்ணு, அந்தப் பக்கம் புடி" என்றாள். ருக்குமணி மறு நுனியைப் பிடித்தாள். இருவரும் சாக்கை இழுத்துக்கொண்டு கொட்டகையை விட்டு வெயிலில் இறங்கினார்கள்.

"மொளகாய்க்கு வெய்யிலு நல்லதுங்க" என்றாள் வேலாத்தாள், போகிற போக்கில்.

பல்லைப் பிடுங்கியதுபோல் இருந்தது சந்தைக்கு. வலி தீருவதற்குள் ஆட்டுக்காரர்கள் நகர்ந்தார்கள். அடுத்து மண்சட்டிகள். அடுத்து வெங்காயம், கருப்பட்டி, கோழிக் கூடைகள். சந்தைக்கு வலிப்பது நின்று, கால்கள் முளைப்பதுபோல் இருந்தது. அது நடந்தது. ரோட்டைத் தாண்டி, தன் சத்தம், தன் வாசம், தன் சண்டை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடந்தது. வாங்க வந்தவர்கள் கூடவே போனார்கள். தூணைத் தேடி யாரும் வரவில்லை. மிளகாயைத் தேடித்தான் வந்தார்கள்.

உச்சிப்பொழுதில் கொட்டகையில் நஞ்சப்பனும் நல்லமுத்துவும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நஞ்சப்பன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைத் தலையில் ஏற்றினார். குட்டை மேட்டில் நாலு கம்பு நட்டு, புது வேட்டி ஒன்றைக் கூரையாகக் கட்டி, அதன் கீழ் சேலைகளை விரித்தார். பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்துத் தானும் கட்டினார். பொழுது சாய்வதற்குள் மேடு முழுக்க வெள்ளை வெள்ளையாக வேட்டிக் கூரைகள் படபடத்தன.

கடைசியாக நல்லமுத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பொட்டலானாலும் சுங்கம் சுங்கந்தான்" என்று சொல்லி நடுவில் போட்டு உட்கார்ந்தார். ஊரே சிரித்தது.

பள்ளிக்கூடம் கொட்டகை ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"என்ன பாக்கற? உள்ள போயி நல்லாக் காலை நீட்டி உக்காரு" என்று சந்தை மேட்டிலிருந்தே அதட்டியது.

அந்தக் கோடை முழுக்க வேலை நடந்தது. ஓர் ஊர் கல் கொண்டுவந்தது, ஓர் ஊர் மண் குழைத்தது. பெண்கள் வரிசையாக நின்று தண்ணீர்க் குடம் கை மாற்றினார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே சுவர் எழும்பியது. சுவர் எழும்ப எழும்பப் பள்ளிக்கூடத்துக்கு முதுகு நிமிர்ந்தது.

ஜூன் மாதம் உத்தரவு மறுபடி ஜீப்பில் வந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தது. ஜன்னலை எட்டிப் பார்த்தது. குனிந்து மோந்தும் பார்த்தது. ஒரு புழுக்கைகூட அகப்படவில்லை.

"மேற்படி சந்தை எங்கே?"

"இங்க இருக்கறேனுங்க! மொளகா வேணுங்களா?" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

உத்தரவு சற்று நேரம் யோசித்தது. பிறகு தன் உடம்பிலேயே ஒரு வரியை அடித்துவிட்டுப் புது வரி எழுதிக்கொண்டது. "மேற்படி பள்ளி மேற்படி இடத்திலேயே தொடரலாம். எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பும் திறக்கலாம்." அன்று அது மூக்கால் பேசவில்லை.

ருக்குமணியின் மாமன், இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றார். பரீட்சைக்கு ஆற்றைக் கடந்து போக நஞ்சப்பனின் துணி வண்டிதான் ஓடியது.

பரீட்சை முடிவு வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமைதான். கூட்டம் நெரிந்த நேரத்தில் சைக்கிளில் பேப்பர் வந்தது. தைரியநாதன் பிரித்தார். தேறியவர்களின் எண்களைப் படிக்கத் தொடங்கினார், சந்தை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. நஞ்சப்பன் பேப்பரை வாங்கிக்கொண்டு தன் வண்டி மேல் ஏறி நின்றார். சந்தை தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது. சேலை கூவி விற்ற குரலில் அவர் ஒவ்வொரு எண்ணாகக் கூவினார். ஒவ்வொரு எண்ணுக்கும் ஏதோ ஒரு மூலையில் ஒரு வீடு கத்தியது.

ருக்குமணியின் வகுப்புப் பையன் குப்புராசுவின் எண் மட்டும் வரவில்லை. தைரியநாதன் அவன் தோளை இழுத்து அணைத்துக்கொண்டார். "செப்டம்பர்ல எழுதுவோம்டே. நான் இருக்கேன்லா?" என்றார்.

நஞ்சப்பன் கடைசி எண்ணைக் கூவினார்.

"கண்ணு, அது உன்ற நெம்பரா?" என்று கேட்டாள் வேலாத்தாள்.

ருக்குமணி தலையை ஆட்டினாள்.

வேலாத்தாள் இரண்டு கையாலும் வற்றல் மிளகாயை அள்ளி, பூ இறைப்பதுபோல் வானத்தில் வீசினாள். சிவப்பாகப் பொழிந்தது. சந்தை மொத்தமும் தும்மியது. தும்மிக்கொண்டே சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. ஆடுகள்கூடத் தும்மின.

அன்றுதான் முதன்முதலாக அந்தப் பக்கம் வந்த மாட்டு வியாபாரி ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "ஏனுங்க, ஊர்ல என்ன விசேஷமுங்க?" என்று கேட்டார்.

யாரும் வாயைத் திறப்பதற்குள் சந்தை முந்திக்கொண்டது.

"எங்க பள்ளிக்கூடம் பாஸாயிருச்சுங்க!"