மணிக்கயிறு

ஏட்டி செலஸ்டி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் கெடப்ப? அம்மா தம்பிக்குப் பால் குடுக்கா. இங்க வா, அத்தை கதை சொல்லுதேன். "ம்" கொட்டணும், என்ன?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு உப்பளம். அதுக்குப் பக்கத்துல ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடம். அதைக் கட்டி எழுப்புனது இன்னாசி மதர். தினம் காலையில அவியளே கயிறைப் பிடிச்சு மணி அடிப்பாவ. டாண்! டாண்! உப்பளத்து வீட்டுல கடிகாரம் ஏது? மணி கேட்டாத்தான் பிள்ளைங்க தடதடன்னு ஓடி வரும்.

அப்புறம் அமலி சிஸ்டர்னு ஒருத்தவிய புதுசா வந்தாவ. பிள்ளைங்க பூராம் அவிய அங்கியைப் பிடிச்சுக்கிட்டே சுத்துச்சு. மதருக்கு வயிறு எரிஞ்சுது பாரு, அப்படி எரிஞ்சுது. 'எம்பிள்ளைங்க! இவ நேத்து வந்தவ!'

"ம்."

அப்போ மதர் என்ன செஞ்சாவ? ஒண்ணாப்பு அழுமூஞ்சிகளை சிஸ்டர்கிட்ட தள்ளிவிட்டாவ. 'ஙே'ன்னு அழுததெல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சுது. அப்புறம் சிஸ்டரை அடுப்படிக்கு அனுப்புனாவ. பிள்ளைங்க அங்கேயும் போய் வெங்காயம் உரிச்சுது. மூணாவதா, "தினம் உப்பளத்துக்குப் போய், படிக்க வராத பொட்டப்பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா"ன்னாவ. வெயில்ல கெடந்து வாடட்டும்னு நெனப்பு. சிஸ்டர் திரும்பி வந்தா, பின்னால ஒரு பட்டாளம்!

"அய்யோ! மதர்?"

கொதிச்சுப் போனாவ. ஒருநாள் மணியே அடிக்கலை. 'அவ பின்னாலதான ஓடுதிய? அவளே கூப்பிடட்டும்!'

வெயில் ஏறுது. ஒரு பிள்ளை வரலை. பள்ளிக்கூடம் வெறிச்சுன்னு கெடக்கு. மதருக்குப் பக்குன்னுச்சு. பள்ளிக்கூடம் இல்லைன்னு நெனச்சு புதுப்பிள்ளைங்களை ஆத்தாமாரு மறுபடி உப்பு அள்ள இழுத்துக்கிட்டா? விறுவிறுன்னு ஓடுனாவ. உப்பள வரப்புல பிள்ளைங்க பூராம் பையோட நிக்குது. நடுவுல அமலி சிஸ்டர்.

"ஏன் நிக்கிய?"

ஒரு பொடுசு சொல்லுச்சு: "நீங்க இன்னும் கூப்பிடலையே மதர். மணி அடிச்சா நீங்க எங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுதியன்னு சிஸ்டர் சொன்னாவளே. எம்பேருகூடக் கேக்குமே!"

மதருக்குக் கண்ணுல பொலபொலன்னு கொட்டிருச்சு. சிஸ்டர் மூஞ்சியைப் பாக்க முடியலை. திரும்பி ஓடிப்போய் அடிச்சாவ பாரு, டாண்! டாண்! டாண்! பிள்ளைங்க தடதடதடன்னு...

"ம்ம்..."

அப்புறம் மதருக்கு வயசானதும் சாவி, நாற்காலி, பள்ளிக்கூடம் எல்லாத்தையும் அமலி சிஸ்டர்கிட்டயே குடுத்துட்டாவ.

"மணிக்கயிறு?"

அதை மட்டும் சாகுற வரைக்கும் விடலை. பொறாமை பூராவுமா போயிரும்?

"அத்தை, நானும் தூங்கும்போது பிடிச்சுக்கிற அம்மா சேலையை மட்டும் தம்பிக்குக் குடுக்க மாட்டேன்."

குடுக்காதட்டி. கட்டிப் பிடிச்சுக்கோ. பள்ளிக்கூடம் விட்டாச்சு, கதையும் வீட்டுக்குப் போயிருச்சு. தூங்கு.