காராயியின் குரலை எடுத்த கிளி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. நல்ல சிரிப்பு. இப்போதே கேட்டால் தரமாட்டேன். அது வருகிற இடத்தில்தான் வரும். அதுவரை பேசாமல் கேளுங்கள்.

அரசன் யாரென்றே தெரியாத ஒரு மலையில், வெகுகாலத்துக்கு முன்னால், காராயி என்பவள் தினை விதைத்து வாழ்ந்தாள். கதிர் முற்றினால் பரண்மேல் நின்று கவண் சுழற்றி, ஆலோ ஆலோ என்று கிளிகளை விரட்டுவாள். கூடவே வசவும் பறக்கும். அந்த வசவைக் கேட்கவே ஒரு கிளி தினமும் வரும். ஆடு, நரி, அண்டை வீட்டுக்காரி என்று கேட்ட குரலையெல்லாம் அப்படியே எடுக்கும் கிளி அது.

பிறகு மழை பொய்த்தது. தினை கருகியது. காய்ச்சல் வந்து அவள் புருஷன் மாதனைக் கொண்டுபோனது.

மறுவருஷம் மழை வந்தது. ஊரே விதைத்தது. காராயி எழவில்லை. விதைப்பானை உறியில் தொங்கியது. அடுப்பில் பூனை படுத்திருந்தது. ஈரம் காய்ந்துவிட்டால் அந்த வருஷமும் பட்டினி, அவள் தாங்கமாட்டாள்.

கிளிக்குப் பசி ஒரு பக்கம். வசவு கேட்காமல் காது நமநமத்தது இன்னொரு பக்கம்.

முதல் நாள், கூரைமேல் உட்கார்ந்து முள்ளில் மாட்டிய ஆடு போலக் கத்தியது. காராயி வாசல்வரை வந்தாள். அவள் ஆடு கட்டிய இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் போய்ப் படுத்தாள்.

சிரிப்பா? இன்னும் இல்லை.

இரண்டாம் நாள், அண்டை வீட்டுப் பூமாயி குரலில் அடுப்புக்கு ஒரு கங்கு கேட்டது. நெருப்பு கேட்டவரை வெறுங்கையோடு அனுப்புவது அந்த மலையில் வழக்கமில்லை. காராயி பூனையை விரட்டி, கல்லைத் தட்டித் தீ மூட்டி, ஓட்டில் கங்கு எடுத்து வந்தாள். வாசலில் யாருமில்லை. மூட்டிய தீ வீணாகுமே என்று கஞ்சி வைத்தாள். பாதி குடித்தாள். படுத்தாள்.

மற்ற கிளிகள் சொல்லின: "புருஷன் குரலை எடேன். ஓடியே வருவா."

"வருவா. வந்து பார்த்தா ஆள் இருக்காதே," என்றது கிளி. அந்தக் குரல் அதற்கு நன்றாகவே வரும். எடுக்கவில்லை.

மூன்றாம் நாள், பரண்மேல் உட்கார்ந்து காராயியின் குரலையே எடுத்தது: "ஆலோ... ஆலோ... என் தினையைத் தொட்டா கழுத்தை முறிச்சிடுவேன், திருட்டுக் கழுதைகளா."

என் காட்டில் என் குரலில் எவள் என்று காராயி கவணோடு வந்தாள். பரண் காலி.

"எந்தத் தினையடி? இங்கே ஒரு மணிகூட இல்லையே," என்றாள் காற்றைப் பார்த்து.

காலடியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய் விதைப்பானையை இறக்கினாள். அழுதுகொண்டேதான் விதைத்தாள்.

கதிர் முற்றியது. கிளிகள் இறங்கின. காராயி பரணில் நின்று ஆலோ என்று கூவ, எதிர்மரத்திலிருந்து அதே குரலில் ஆலோ. கவண் நின்றது. அடுத்து, மரத்தின்மேல் ஓர் ஆடு கத்தியது. அடுத்து, பூமாயி குரல் கங்கு கேட்டது.

"அடப் பாவி, நீதானா," என்றாள் காராயி. கல் கையிலிருந்து நழுவியது. பரணே ஆடும்படி சிரித்தாள்.

நான் சொன்ன சிரிப்பு இதுதான். உங்களுடையது என்றா நினைத்தீர்கள்?

துயரத்தில் படுத்தவரை எழுப்ப, போனது திரும்பி வருமென்று ஏமாற்ற வேண்டாம்; அவர் கை பழகிய வேலையின் பக்கம் கூப்பிட்டால் போதும்.